ஏழு தேர்தல்களில் நின்ற பஷீர் அகமது

என் வீட்டுக்காரர் பஷீர் அகமது மவுத்தானபோது ஏற்காடு பஸ் ஸ்டாண்டைச் சுற்றிச் சுவரொட்டி ஒட்டினார்கள். படத்துக்குக் கீழே, "சேலம் நாடாளுமன்றத் தொகுதியில் ஏழு முறை போட்டியிட்ட வேட்பாளர்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஏழு முறையும் டெபாசிட் போனதைப் போட இடமில்லை போலிருக்கிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அந்தச் சுவரொட்டியைப் பற்றியே பேசினார்கள். எவ்வளவு பெரிய மனிதர், எவ்வளவு பெரிய இழப்பு என்றார்கள். நான் தலையை ஆட்டி வைத்தேன். இத்தா இருக்கிற நாலு மாதம் பத்து நாளும் முடியட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். அது முடிந்தே இரண்டு வருடம் ஆகிவிட்டது. இனி நான் ஏன் சும்மா இருக்க வேண்டும்?

எங்கள் கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே. ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, டார்ச் லைட், குடை. அவருடைய அத்தா சேலத்திலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்து போட்ட கடை. அதில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தது நான். அவர் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு ஏரிக்கும் பஜாருக்கும் நடுவே நடந்தார். பார்க்க லட்சணமாக இருப்பார், அதில் குறை சொல்ல மாட்டேன். நாலு பேர் முன்னால் நாலு வார்த்தை பேசச் சொன்னால் மட்டும் வேர்த்துக் கொட்டிவிடும். ஸ்வெட்டர் விலையைக் கேட்டால்கூட என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார். இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே ஓர் ஆசை. தான் நடந்து போகும்போது "வேட்பாளர் போறாருங்க" என்று ஊர் சொல்ல வேண்டும். எனக்கும் ஓர் ஆசை இருந்தது. இந்த மனிதர் ஆயுளில் ஒரு தடவையாவது சொந்தக் காலில் நிற்பதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூட வேண்டும்.

வேட்பாளர் ஆவதென்றால் பஞ்சாயத்துக்கு நிற்கலாமே என்று கேட்பீர்கள். பஞ்சாயத்து வார்டில் இருப்பது எல்லாம் தெரிந்த முகம், யார் போட்டார்கள், யார் போடவில்லை என்று மறுநாளே தெரிந்துவிடும். அதற்குத் தைரியம் கிடையாது. சட்டசபைக்கு நிற்கவும் வழியில்லை. ஏற்காடு சட்டசபைத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கியது, மலைக்காரர்கள்தான் நிற்கலாம். மிச்சம் இருந்தது பார்லிமெண்ட் மட்டும்தான். அப்போது எங்கள் மலை சேலம் பார்லிமெண்ட் தொகுதியோடு இருந்தது. இருபது கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே இருக்கிற டவுன்தான் அந்தத் தொகுதி, நாங்கள் அதன் தலைக்கு மேல் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு துண்டு. உள்ளூர் வார்டுக்கு நிற்கத் துணிச்சல் இல்லாத ஆள் இப்படித்தான் டெல்லிக்கு நின்றார்.

அவரைக் கண்டுபிடித்தவர் பெரியநாயகம். சேலத்தில் ஒரு பெரிய கட்சிக்குத் தேர்தல் வேலை பார்க்கிறவர். எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன், அதுவும் ஒரு தேர்தலுக்கு ஒரு கட்சியாக மாறிக்கொண்டிருந்தது. எண்பத்து நாலில் கடைக்கு வந்து ஒரு குரங்குக் குல்லா வாங்கினார். விலை கேட்டதற்கு என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததைக் கவனித்துவிட்டுச் சிரித்தார். இந்த ஆளை எங்கே உட்கார வைத்தாலும் உட்கார்ந்திருப்பான் என்று அந்த நிமிஷமே கணக்குப் போட்டிருப்பார்.

"ஏனுங்க பாய், பார்லிமெண்டுக்கு நிக்கறீங்களா?" என்றார்.

"நானுங்களா? நான் என்னத்தைப் பேசறது?"

"பேசவே வேண்டாமுங்க. நின்னாப் போதும்."

சுயேச்சை வேட்பாளருக்கும் பூத்துக்கு ஓர் ஏஜெண்ட் வைக்க உரிமை உண்டு. அவர் பெயரில் ஜீப்புக்குப் பர்மிட் வாங்கலாம். ஓட்டு எண்ணுகிற மேஜைக்கு ஓர் ஆள் உட்கார வைக்கலாம். ஆக, பஷீர் அகமது என்று ஒருவர் பெயருக்கு நின்றால், பெரியநாயகத்தின் கட்சிக்கு ஒவ்வொரு பூத்திலும் ஓர் ஆள் கூடுதல். என் வீட்டுக்காரருக்கு அந்த வருஷம் கத்தரிக்கோல் சின்னம் கிடைத்தது. கத்தரிக்கோல் பேட்ஜைக் குத்திக்கொண்டு பூத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் அந்தக் கட்சி ஆட்கள். கத்தரிக்கோல் படம் ஒட்டிய ஜீப்பில் அந்தக் கட்சிக்காரர்கள் சுற்றினார்கள். இவர் ஒரு ஜீப்பில்கூட ஏறவில்லை. என்னிடம் இவரே வந்து, "எனக்குப் போட்டுராத சுபைதா, அவங்க சின்னத்துக்குப் போடு," என்றார். நான் அவர்களுக்குத்தான் போட்டேன். முதல் ஆறு தேர்தலிலும் அப்படியே. புருஷன் பெயர் சீட்டில் இருக்க வேறு சின்னத்தில் முத்திரை குத்திவிட்டு வந்தவள் நான், அதுவும் புருஷன் சொல்லி.

முதல் மூன்று தேர்தலில் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள், அதையும் சொல்ல வேண்டும். அப்போதெல்லாம் போட்டியிடுகிற யாராவது ஒருவர் ஓட்டுப்பதிவுக்கு முன்னால் செத்துப்போனால் தேர்தலையே நிறுத்திவிடுவார்கள். சுயேச்சை செத்தாலும் அதே சட்டம்தான். அதனால் வாபஸ் தேதி முடிந்த நாளிலிருந்து பெரியநாயகத்தின் ஆள் ஒருவன் எங்கள் வாசலிலேயே கிடந்தான். இவர் இருமினால் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தான். வளைவு ரோட்டில் ஜீப்பில் போக விடமாட்டான். பனியில் நடக்கக் கூடாது, ஏரியில் படகு ஏறக் கூடாது, எண்ணெய்ப் பலகாரம் தின்னக் கூடாது. இந்த மனிதர் அதையெல்லாம் மரியாதை என்று நினைத்தார். "பாத்தியா, நம்ம உசுருக்கு இருக்கிற மதிப்பை," என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு என்னிடம் சொன்னார்.

தொண்ணூறுகளில் அந்தச் சட்டத்தை மாற்றிவிட்டார்கள். அங்கீகாரம் உள்ள கட்சியின் வேட்பாளர் செத்தால்தான் தேர்தல் நிற்கும், சுயேச்சை செத்தால் நடந்துகொண்டே இருக்கும். இது இவருக்குத் தெரியாது. தொண்ணூற்று ஆறில் ஓட்டுப்பதிவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது காய்ச்சல் வந்து படுத்தார். வாசலில் யாரும் இல்லை. இரண்டு நாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் பக்கத்துக் கடை போனிலிருந்து பெரியநாயகத்தைக் கூப்பிட்டார்.

"எனக்கு நொம்ப முடியலீங்க. ஏதாவது ஆச்சுதுன்னா தேர்தல் நின்னுபோயிருமேன்னு சொன்னேனுங்க," என்றார்.

அந்தப் பக்கம் அவர் சிரித்தது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. "இப்பச் சட்டம் மாறிப்போச்சுங்க பாய். நீங்க தாராளமா இருந்துக்கலாம், ஒண்ணும் நிக்காது," என்றார்.

வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். இனிமேலாவது புத்தி வரும் என்று நினைத்தேன். தொண்ணூற்று எட்டில் மறுபடியும் நின்றார். மானம், ரோஷம் என்று ஒன்று இருந்தால்தானே.

தொண்ணூற்று ஒன்பதில் ஓட்டு எண்ணிக்கை சேலத்தில் ஒரு காலேஜில் நடந்தது. வேட்பாளருக்கு உள்ளே போகப் பாஸ் உண்டு. இவருடைய பாஸைப் பெரியநாயகம் வாங்கி வைத்துக்கொண்டார், காலையில் கேட்டில் தருகிறேன் என்றார். ஏழு மணிக்குப் போய் நின்றவர் மத்தியானம் வரைக்கும் வெயிலில் நின்றிருக்கிறார். பெரியநாயகம் வரவில்லை. ஒரு போலீஸ்காரர், "யாருய்யா நீ, காலையில இருந்து நிக்கற?" என்று கேட்டிருக்கிறார்.

"வேட்பாளருங்க."

"எந்த வேட்பாளரு?"

"பட்டம் சின்னமுங்க."

போலீஸ்காரர் சிரித்துவிட்டு, அக்கட்ட போய் நிழலில் உட்காரச் சொல்லியிருக்கிறார். உள்ளே பட்டம் பேட்ஜ் குத்திக்கொண்டு மேஜைக்கு மேஜை ஆட்கள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இதை வீட்டுக்கு வந்து என்னிடம் அவரே சொன்னார். சொல்லும்போது அழுதார். கல்யாணமாகி இருபத்து நாலு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். எனக்கு மனசு கரைந்துவிட்டது. அங்கேதான் நான் ஏமாந்தேன்.

"அடுத்த தடவை நெசமாவே நிக்கறேன் சுபைதா. யாருக்காகவும் இல்ல, எனக்காக," என்றார்.

ஐந்து வருடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாயிரத்து நாலில் தேர்தல் வந்தது. பெரியநாயகம் கடைக்கு வந்தார். என் வீட்டுக்காரர் கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இந்தத் தடவை உங்களுக்கு இல்லீங்க," என்றார். என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிட்டார். பெரியநாயகம் வந்த வழியே போய்விட்டார். நான் அன்று பிரியாணி போட்டேன்.

பிறகு வேலை முழுவதும் என் தலையில் விழுந்தது. அது எனக்குப் பாரமாகவே இல்லை. டெபாசிட் பத்தாயிரமாக ஏற்றியிருந்தார்கள், நான் கட்டி வந்த சீட்டை எடுத்துக் கொடுத்தேன். சுயேச்சைக்குப் பத்துப் பேர் முன்மொழிந்து கையெழுத்துப் போட வேண்டும். முன்பெல்லாம் அந்தப் பத்துப் பேரையும் பெரியநாயகம் கொண்டு வருவார். இவருக்கு ஒருவரிடமும் போய்க் கேட்கக் கூச்சம். நான் போனேன். பஜாரில் நாலு பேர் போட்டார்கள். மிச்சத்துக்குக் கரடியூர் போனேன், தலைச்சோலை போனேன். தலைச்சோலையில் காப்பி எஸ்டேட்டில் பழம் பறிக்கிற மாரியம்மாள், கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏனுங்க பாயம்மா, அண்ணன் அவங்க கட்சிக்கு நிக்கறவருதானுங்களே?"

"இந்தத் தடவை அவருக்கே நிக்கறாரு மாரியம்மா. என்னை நம்பிப் போடு."

"உங்களை நம்பித்தானுங்க போடறேன்," என்று எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

நோட்டீசும் நானே எழுதினேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டு வரைக்கும் படித்தவள், எனக்கு எழுத வரும். தலைச்சோலைக்குச் சாயங்காலம் ஒரு பஸ், கோடையில் பஜாருக்குத் தண்ணீர், ஆஸ்பத்திரிக்கு ராத்திரி டாக்டர். மூன்றே மூன்று வரி. சின்னம் பீரோ. கீழே அவர் பெயர். அச்சாகி வந்ததும் எடுத்து மோந்து பார்த்தார். எனக்கு அவரைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன். மே மாதம், சீசன் நேரம், கடையில் கூட்டம் நெரிந்தது. நான் ஒரு கையால் குல்லா விற்றேன், இன்னொரு கையால் நோட்டீஸ் கொடுத்தேன். வாங்கினவர்களில் பாதிப் பேர் பெங்களூர்க்காரர்கள்.

என் தம்பி ஜாபர் அலிக்குச் சேலத்தில் செல்போன் கடை. அவனை ஓட்டு எண்ணும் ஏஜெண்டாகப் போட்டோம். இந்த முறை நம் பேட்ஜை நம் ஆளே குத்திக்கொள்ளட்டும் என்றேன்.

ஓட்டுப்பதிவு அன்று காலையில் இவர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார். மை வைத்த விரலைக் கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் காட்டினார். நான் பத்து மணிக்குக் கடையை அடைத்துவிட்டு அதே பள்ளிக்கூடத்துக்குப் போனேன், எங்கள் இருவருக்கும் ஒரே பூத். அந்தத் தேர்தலில்தான் எங்களுக்கு மிஷின் வந்திருந்தது. மேலே பெரிய கட்சிகள், கீழே சுயேச்சைகள். பீரோ படத்தைத் தேடிக் கண்டுபிடித்து அழுத்தினேன். அதற்கு நேராகச் சிவப்பு விளக்கு எரிந்தது, கீயென்று சத்தம் வந்தது. இருபது வருடத்தில் முதல் தடவையாக என் புருஷனுக்கு நான் ஓட்டுப் போட்டிருந்தேன். வெளியே வரும்போது கண் கலங்கிவிட்டது. இதற்கெல்லாமா அழுவார்கள் என்று முக்காட்டால் துடைத்துக்கொண்டேன்.

எண்ணுகிற அன்று இவரும் ஜாபரும் உள்ளே இருந்தார்கள். பாஸ் இவர் சட்டைப் பையில்தான் இருந்தது, நானே வைத்து அனுப்பினேன். முன்பு ஓட்டுச் சீட்டாக இருந்தபோது எல்லாவற்றையும் கலந்து கொட்டி எண்ணுவார்கள், எந்த ஊரில் எவ்வளவு என்று தெரியாது. மிஷினில் அப்படியில்லை. ஒவ்வொரு பூத்துக்கும் தனித்தனியாகச் சொல்லிவிடும். மத்தியானம் ஜாபர் கடைக்குப் போன் செய்தான்.

"அக்கா, மொத்தத்துல மச்சானுக்கு ரெண்டாயிரம் பக்கம் வந்துருக்குது."

"பரவாயில்லையே. எங்க விழுந்துச்சு?"

"எல்லாம் கீழதான். டவுன்லயும் ஓமலூர்லயும். யாருன்னு தெரியாமப் போட்டிருக்காங்க."

"நம்ம பூத்துல?"

"ஒண்ணு," என்றான்.

தெரியாதவர்கள் இரண்டாயிரம் பேர் போட்டிருக்கிறார்கள். முகம் தெரிந்த ஊரில் ஒன்று. கையெழுத்துப் போட்ட பஜார்க்காரர்கள் நாலு பேரும் ஓட்டை வேறு எங்கோ போட்டிருக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தில் முதலில் ஒன்றும் ஓடவில்லை. கடையில் ஒரு குடையை மடித்துக்கொண்டிருக்கும்போதுதான் நினைத்துப் பார்த்தேன். அந்த ஒன்று நான் போட்டது. அப்படியானால் இவர் போட்டது எங்கே போனது? மிஷின் தவறாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் டீக்கடை தேவசிகாமணி ரோட்டைத் தாண்டி வந்தார். "ஏனுங்கக்கா, நீங்ககூடவா போடலீங்க?" என்று கேட்டார்.

"என்ன சொல்றீங்க?"

"பாய் இப்பத்தானுங்க பஸ் இறங்குனாரு. அந்த ஒண்ணும் அவர் ஓட்டுதானாம், ஊட்டுலயே போடலைன்னு சொல்லி நொம்பச் சங்கடப்பட்டாருங்க. எல்லாரும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க."

எட்டிப் பார்த்தேன். டீக்கடைப் பெஞ்சில் நடுவே உட்கார்ந்திருந்தார். சுற்றிப் பத்துப் பேர். யாரோ அவர் முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ வருடமாக நாலு பேர் முன்னால் பேச வராத மனிதர் அன்றைக்குத் தங்குதடை இல்லாமல் பேசிக்கொண்டிருந்தார். நான் கடைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வீட்டுக்கு நடந்தேன். வழியில் இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்கள்.

அவர் வந்து சட்டையைக் கழற்றி மாட்டும்வரைக்கும் காத்திருந்தேன்.

"நீங்க எதுல அழுத்துனீங்க?" என்று கேட்டேன்.

"எதுக்கு இப்ப அது?"

"விழுந்தது ஒண்ணு. அது நான் போட்டது. உங்களுது எங்க?"

கட்டிலில் உட்கார்ந்தார். பொய் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால்கூட அவர் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும்.

"நான் என்ன ஜெயிக்கவா போறேன் சுபைதா? எனக்கே போட்டுக்கிட்டா ஓட்டு வீணாப் போயிருமில்ல. அதான் வழக்கமாப் போடறதுலயே போட்டுட்டேன்," என்றார்.

"அப்ப நான் போட்டது?"

"அது உன் இஷ்டம்."

மலை முழுக்க நடந்து பத்துக் கையெழுத்து வாங்கியவள் நான். மாரியம்மாளிடம் என்னை நம்பிப் போடு என்று சொன்னவள் நான். தூ என்று துப்பலாம் போலிருந்தது. அப்போது போன் அடித்தது. ஓமலூரில் கட்டிக் கொடுத்திருந்த எங்கள் மகள் ஷஹீதா. நான் எடுப்பதற்குள் அவர் எடுத்துவிட்டார். எண்ணுகிற இடத்திலேயே இவர் ஜாபரிடம் நான் ஓட்டுப் போடவில்லை என்று சொல்லி, ஜாபர் அவளுக்குச் சொல்லியிருக்கிறான். அவள் அழுவது எனக்கு இங்கே கேட்டது.

"விடு கண்ணு," என்றார் இவர். "அம்மாவ ஒண்ணும் கேக்காத. பாவம், அவளுக்கு என்ன தெரியும். நான் மன்னிச்சுட்டேன்."

போனைப் பிடுங்கினேன். "ஷஹீதா, அந்த ஒரு ஓட்டு நான் போட்டது. உங்கத்தா அவருக்கே போட்டுக்கல. வேற சின்னத்துல போட்டுட்டு வந்திருக்காரு," என்றேன்.

"போதும்மா," என்றாள். "தேர்தல்ல நின்ன மனுசன் தனக்கே போட்டுக்காம இருப்பாராம்மா? பொய் சொன்னாலும் நம்பற மாதிரி சொல்லுங்க. அத்தா உங்களை மன்னிச்சுட்டாரில்ல, அதோட விட்டுருங்க."

எதிரே கட்டிலில் அவர் உட்கார்ந்திருந்தார். அவள் சொன்னது அவருக்கும் கேட்டிருக்கும். ஒரு வார்த்தை சொல்லுவார் என்று போனை அவர் பக்கம் நீட்டினேன். அவர் அதை வாங்கி வைத்துவிட்டு, பசிக்கிறது என்றார்.